லோடுக்கு வெச்ச எலுமிச்சம்பழம்

பேய், ஆவின்னு எவனாச்சும் ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆள் நான். மெக்கானிக்கல் ஃபைனல் இயர் வேற. நீ சிரிச்சாலும் பரவால்ல மச்சான், பட்டப்பகல்ல நடந்ததைச் சொல்றேன்.

எங்க ப்ராஜெக்டே ஒரு பழைய ஸ்டீம் இன்ஜின் வண்டி. ரயில் இல்ல, ரோட்டுல போறது. லாரி வர்றதுக்கு முன்னாடி பாய்லரு, கருங்கல்லுன்னு மாடுங்களால முடியாத வெயிட்டை எல்லாம் இதுதான் இழுத்துச்சாம். இரும்புலியூர்ல ஒரு பழைய இரும்பு யார்டுல செத்துக் கிடந்துச்சு. பாய்லர்ல என் கையே உள்ள போற ஓட்டை. சாயங்காலத்துக்குள்ள அது காட்டாங்குளத்தூர்ல எங்க காலேஜுக்கு வரலைன்னா ப்ராஜெக்ட் கேன்சல்னு ஹெச்.ஓ.டி. சொல்லிட்டாரு.

கிரேன் வெச்சு ட்ரெய்லர்ல ஏத்தி, செயின் போட்டு இறுக்கியாச்சு. கிளம்பலாம்னு பார்த்தா, டிரைவர் செல்வம் அண்ணா டயர் டயரா எலுமிச்சம்பழம் வெச்சுக்கிட்டு இருக்காரு. செம கடுப்பு. கடைசிப் பழத்தை என் கையில குடுத்து, "மேல கீற வண்டி சக்கரத்துக்கும் ஒண்ணு வெச்சுடு தம்பி"ன்னாரு.

"அண்ணா, அது லோடுண்ணா. லோடுக்கு யாராச்சும் பழம் வெப்பாங்களா?"

"சக்கரம் கீதுல்ல? வெய்யேன், உன் சொத்தா போவுது?"

திட்டிக்கிட்டே ஏறி, பெரிய சக்கரத்துக்கு முன்னாடி திணிச்சேன்.

யார்டு கேட்டைத் தாண்டறதுக்குள்ள ட்ரெய்லர் சேத்துல உக்காந்துருச்சு. முந்தின நாள் மழை. டயர் சும்மா சுத்துது, என் மூஞ்சியெல்லாம் சேறு. ஜேசிபி விட்டு இழுத்தா ரோப் அறுந்துச்சு. கிரேன்காரன் போனே எடுக்கல. செல்வம் அண்ணா வண்டியை ஆஃப் பண்ணிட்டு, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு, என் பக்கத்துல நின்னு கூலா டீ குடிக்கிறாரு.

"அண்ணா, என் டிகிரியே போகுதுண்ணா!"ன்னு கத்தினேன்.

அப்பதான் மேல கட்டியிருந்த ஸ்டீம் இன்ஜின்லேர்ந்து புஸ்ஸுனு ஒரு மூச்சு. அப்புறம் சக்... சக்...னு மெதுவா. கேபின்ல ஆளே இல்ல மச்சான். ட்ரெய்லர் தானா நகர்ந்து, மேட்டுல ஏறி, தார் ரோட்டுல போய் நின்னுச்சு. செல்வம் அண்ணா டீ டம்ளரைக் கீழ போட்டுட்டாரு.

காலேஜுக்கு டைமுக்குப் போயிட்டோம். ஹெச்.ஓ.டி. பாய்லரைத் தொட்டவரு வெடுக்குனு கையை இழுத்துக்கிட்டாரு. "பர்மிஷன் இல்லாம எவன்டா இதுல நெருப்பு போட்டது?" ஓட்டையைக் காட்டினேன், காதுலயே வாங்கல. சேஃப்டி மார்க் மொத்தமும் காலி. நெஜமாவே நெருப்பு போட்டிருந்தா கூட மனசு ஆறும்!

அது கூட போகட்டும். செயின்ல ஒரு கண்ணி கூட லூஸாகல, நானே இழுத்துப் பார்த்தேன். ஆனா சக்கரத்துக்கு முன்னாடி நான் திணிச்ச பழம், தட்டையா நசுங்கி, சக்கரத்துக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.