நாகர்கோவில் போலீஸ்காரர் மகள்

என் வீட்டுக்காரருக்குப் போடி பஜாரில், ஏலக்காய்க் கடையில் தரம் பார்க்கிற வேலை. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார், முகருவார், ஒரு காயைக் கடிப்பார். இதில் போன வருஷத்துக் காய் கலந்திருக்கிறது, இது சாயம் போட்ட பச்சை என்று பட்டென்று சொல்லிவிடுவார். அந்த விஷயத்தில் அவரை ஒருவரும் ஏமாற்ற முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை மூட்டைக்குள்ளேயேதான் இருக்கும். பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், குச்சனூர்க் கோயில் வாசலில் எள் பொட்டலம் விற்கிற பெண், என் கூடப்பிறந்த தம்பி, எல்லாருமே அவருக்குக் கலப்படம்தான்.

அப்படிப்பட்ட மனிதரைக் கூட்டிக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போகலாம் என்று சொன்னது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது. தொண்ணூற்றெட்டாம் வருஷம், முழுப்பரீட்சை லீவு. மகள் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். கடலையே பார்க்காத பிள்ளை. நானும் பார்த்ததில்லை. ஆனால் எனக்கு முப்பது வயது ஆகிவிட்டதால் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். கடைக்குச் சரக்கு கொண்டுவருகிற, பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரர் ஒருவர் அங்கே போய், வலம்புரிச் சங்கு என்று நம்பி ஏதோ ஒரு சங்கை வாங்கி வந்து பூஜையில் வைத்துவிட்டாராம். இன்னொருவரைக் கடற்கரையில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தவன் விலாசத்தையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனானாம், போட்டோ இன்னும் வந்தபாடில்லை. இந்தக் கதைகளை ஒரு வாரம் காலையிலும் ராத்திரியிலும் கேட்டேன். சாம்பார் ஊற்றும்போதுகூட, "அங்கன ஓட்டல்ல உக்காருறதுக்கு முந்தி வெலையக் கேட்டுரணும்" என்பார். ஊருக்கே போகவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. பிள்ளை அதற்குள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

மதுரை போய் பஸ் மாறினோம். உட்கார்ந்ததும் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

"இங்க பாருத்தா. எந்த ஊருன்னு யாரு கேட்டாலும் போடின்னு சொல்லக்கூடாது. வெளியூருன்னு தெரிஞ்சா மொட்டை அடிச்சிருவாய்ங்க. நாகர்கோயில்னு சொல்லு. அது பக்கத்து ஊரு. கிட்ட வரமாட்டாய்ங்க."

"அப்பா என்ன வேலைன்னு கேட்டாகன்னா?"

"போலீசுன்னு சொல்லு. ஓடிருவாய்ங்க."

"பேரு?"

"பேரச் சொல்லவே கூடாது."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பரீட்சை வைத்தார். குரலை மாற்றிக்கொண்டு, "பாப்பா எந்த ஊரு?" என்பார். அவள் போடி என்றால் தலையில் ஒரு குட்டு. வலிக்காத குட்டுதான், இருந்தாலும் குட்டு குட்டுதானே. கிழவன் குரலில் கேட்டார், கண்டக்டர் குரலில் கேட்டார், போலீஸ் மாமா குரலில் கேட்டார். பிள்ளை தேறிவிட்டாள். கடைசியில் சொந்தக் குரலில், "சரித்தா, வெளையாட்டு முடிஞ்சது. அப்பா நெசமாக் கேக்குறேன், நம்ம எந்த ஊரு?" என்றார். அவள் சிரித்துக்கொண்டே போடி என்றாள். "அப்பா கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னேன்ல!" என்று மறுபடியும் குட்டினார். பிள்ளையின் சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாயைக் கொடுத்தால் மீதி வழி முழுக்க என்னோடு மல்லுக்கு நிற்பாரே என்று, ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன்.

கன்னியாகுமரியில் இறங்கி நாலு எட்டு வைக்கவில்லை. ஒரு ஆள் ஓடி வந்து, "அண்ணே, போடியா? நான் கோம்பைண்ணே. நம்மூரு ஆளுகளப் பாத்து எத்தன நாளாச்சு!" என்றான். பேச்சு அச்சு அசல் எங்கள் பக்கத்துப் பேச்சு. நாகர்கோவில் போலீஸ்காரர் அப்படியே உருகிப்போய்விட்டார். ஊரில் எந்தத் தெரு, மழை உண்டா என்று தோளில் கை போட்டு விசாரித்துக்கொண்டே அவன் பின்னால் நடந்தார். நான் முழங்கையால் இடித்தேன். "நம்ம பக்கத்து ஆளு, நீ சும்மா வா" என்று என்னை அதட்டினார். கடலைப் பார்த்த அறை என்று அவன் காட்டிய அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிரே சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. வெளியே வந்து விசாரித்தால் மற்ற இடங்களைப் போல இரண்டு மடங்கு வாடகை. ஆளைக் காணோம்.

"போடின்னு எப்படிக் கண்டுபிடிச்சான்?" என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். நான் அவர் கையில் இருந்த மஞ்சள் பையைக் காட்டினேன். போடி ஜவுளிக்கடைப் பை. கடைப் பேர், தெருப் பேர், ஊர்ப் பேர் எல்லாம் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் இருந்தது. வீட்டிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்ததே அவர்தான். "இதை ஏன் எடுத்து வச்ச?" என்று என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக்கொண்டார். பிள்ளையிடம், "பாத்தியாத்தா, ஊரு தெரிஞ்சதுனாலதான் இந்த வம்பு" என்று பாடத்தை இன்னும் கெட்டிப்படுத்தினார்.

மறுநாள் பகலில் பாறைக்குப் போகிற படகுக்கு வரிசையில் நின்றோம். சரியான வெயில், அனுமார் வால் மாதிரி வரிசை. பாசிமணி விற்கிற ஒரு அம்மா பிள்ளையின் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டு அழகு பார்த்தது. அவ்வளவுதான். மாலையைக் கழற்றி அந்தம்மா கையில் திணித்து, கழுத்தில் போட்டுவிட்டு அப்புறம் காசு கேட்கிற வேலையெல்லாம் என்னிடம் வேண்டாம் என்று வரிசையை விட்டே வெளியே போய்ச் சண்டை பிடித்தார். இடம் போய்விடும் என்று நான் வரிசையிலேயே நின்றேன். பிள்ளை அப்பா பின்னால் போனதைப் பார்த்தேன். அவர் திரும்பி வந்தார். தனியாக வந்தார்.

"பாப்பா எங்க?" என்றேன்.

"உங்கூடத்தான நின்னா?" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு வரிசையாக ஞாபகம் இல்லை. செருப்பு எங்கேயோ போய்விட்டது. பச்சைப் பாவாடை கட்டிய பிள்ளையைப் பார்த்தீர்களா என்று கரடியாகக் கத்திக்கொண்டு கடை கடையாக ஓடினேன். சங்குக் கடை, கலர் மண் கடை, ஐஸ் வண்டி. அவர் குளிக்கிற துறைப் பக்கம் ஓடினார். படியில் அலை ஏறி ஏறி இறங்கியது. அங்கே நின்றவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு குளித்தார்கள். எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் ஒரு பக்கமாகப் போகும், விழுந்தால் எங்கே போய்த் தேடுவது என்றாவது தெரியும். இங்கே நான் எந்தப் பக்கம் பார்ப்பது? கடலைப் பார்க்க ஆசைப்பட்டு வந்தவள் அன்றைக்கு அந்தக் கடலை வாய்விட்டுச் சபித்தேன்.

நடுவில் ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. ஏழு வயதுப் பெண் குழந்தை, நாகர்கோவிலைச் சேர்ந்தவள், தந்தை காவல்துறையில் பணிபுரிகிறார், பெற்றோர் உடனே புறக்காவல் நிலையத்துக்கு வரவும். எங்களைப் போல இன்னொரு பெற்றவளும் எங்கேயோ அலைகிறாளே என்று நான் அவளுக்காகப் பரிதாபப்பட்டேன். இரண்டாவது தடவை சொன்னபோதும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவது தடவைதான் நின்றேன். எதிரே அவர் தலையெல்லாம் நனைந்து வந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, அது நம்ம பிள்ளைங்க!"

"அது யாரோ நாகர்கோயில் போலீஸ்காரர் மக" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் வெளிறியது.

புறக்காவல் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். யாரோ வாங்கிக்கொடுத்த பிஸ்கட் பாக்கெட் பிரிக்காமல் மடியில் இருந்தது. பக்கத்தில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

நான் பாய்ந்து தூக்கப் போனேன். பெண் போலீஸ் ஒருவர் குறுக்கே கையை நீட்டினார். "நில்லுங்கம்மா. ரெண்டு மணி நேரமா நாகர்கோவில்ல எந்த போலீஸ்காரர் பிள்ளையக் காணோம்னு ஸ்டேஷன் ஸ்டேஷனா விசாரிச்சிட்டிருக்கோம். நீங்க யாரு?"

"நாந்தாங்க அப்பா" என்றார் இவர்.

"போலீசா?"

"இல்லீங்க. ஏலக்கா."

"எந்த ஊரு?"

"போடிங்க."

"பிள்ளை நாகர்கோவில்னு சொல்லுது."

மஞ்சள் பையைப் பிடுங்கி, திருப்பி, எழுத்தைக் காட்டினேன். பை யார் கையில் வேண்டுமானாலும் இருக்கும் என்றார் அந்தம்மா. நியாயமான பேச்சு. பிள்ளை பிடிக்கிறவர்களும் பையோடுதான் வருவார்கள். சாயம் போட்ட காயை என் வீட்டுக்காரர் எப்படிப் பார்ப்பாரோ அப்படி அந்தம்மா அவரைப் பார்த்தார். எனக்கு அவர் மேல் கோபப்படுவதா, அந்தம்மா காலில் விழுவதா என்று தெரியவில்லை.

அந்தம்மா குனிந்து, "மக்களே, இது ஒனக்க அப்பாவா?" என்று கேட்டார். மகள் பிஸ்கட் பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுத்தா" என்றார் இவர். "அப்பா நெசமாக் கேக்குறேன். நம்ம எந்த ஊரு?"

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். பிறகு தெளிவாக, "நாகர்கோயில்" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் இவரை நெருங்கி வந்தார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். இவர் தட்டிவிடக்கூட இல்லை. அப்படியே பெஞ்சுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்பா சொன்னது தப்புத்தா. எல்லாம் தப்புத்தா" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மகள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "இப்ப நெசமாவே கேக்குறீகளாப்பா?"

அவர் அழுதுகொண்டே தலையை ஆட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். "ஆமாத்தா, நெசந்தான். சொல்லு சாமி" என்றேன்.

பிஸ்கட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி கையை ஒட்டிவைத்து எழுந்து நின்றாள். தன் பேர், அப்பா பேர், அம்மா பேர், ஏலக்காய்க் கடை, தெரு, கதவு நம்பர், போடி, தேனி மாவட்டம், இரண்டாம் வகுப்பு பி பிரிவு. ஒன்றுவிடாமல் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை ஒரு சொட்டு அழவில்லை என்று பிறகு அந்தம்மா சொன்னார். ஒப்பித்து முடித்ததும் முகம் கோணியது, உடம்பெல்லாம் குலுங்க அழுதாள்.

அவர் தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள்.