ஸ்கேன் நார்மல் என்றார்கள்

என் மகள் மைசூரில் ஒரு கல்லூரியின் கபடி அணியில் விளையாடுகிறாள். பயிற்சியின்போது இன்னொரு பெண்ணின் முழங்கால் அவள் நெற்றியில் பலமாக இடித்தது. எழுந்தவளுக்குத் தன் அணி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லையாம். ஸ்கேன் எடுத்தோம். நார்மல். கன்கஷன்தான், அடியில் மூளை சற்று அதிர்ந்திருக்கிறது, ஓய்வெடுத்தால் போதும் என்றார்கள்.

சில நாட்களில் தலைவலி நின்றது. ஆனால் ஒரே வீட்டில் இருக்கும் எனக்குத் தெரியாதா? கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். அக்ரஹாரக் கடைத்தெருவில் காய்கறி வாங்கும்போது, ஸ்கூட்டர் ஹாரன் கேட்டுச் சட்டென்று திரும்பியவள் தடுமாறி என் கையைப் பிடித்தாள். செருப்பு வழுக்கிவிட்டது என்றாள். தரை காய்ந்துதான் கிடந்தது.

நஞ்சன்கூட்டில் போட்டி என்றதும் பயிற்சியாளரைப் போய்ப் பார்த்தேன்.

"சார், அவ நடையே இன்னும் சரியாகல. இந்த ஒரு தடவை உட்கார வையுங்க."

"ஏனூ ஆகல்ல மேடம்," என்றார் கன்னடத்தில். ஒன்றும் ஆகாதாம். "தலைவலியும் போயாச்சு. நீங்க பயந்து அவளையும் பயமுறுத்தாதீங்க."

போட்டியில் அவளை யாரும் தொடக்கூட இல்லை. எதிரணிப் பக்கம் போய்த் திரும்பும்போது கால் ஒரு பக்கம் நிற்க, உடம்பு ஒரு பக்கம் போனது. முழங்காலில் லிகமென்ட் கிழிந்துவிட்டது.

"சமீபத்துல தலையில அடிபட்டுச்சா?" என்று கேட்டார் அறுவை சிகிச்சை செய்த டாக்டர். நடந்ததைச் சொன்னேன்.

"தலைவலி போனப்புறமும் கண் பார்க்கிறதுக்குக் கால் ஈடுகொடுக்காம இருக்கலாம். அப்ப விளையாடினா முட்டியிலயோ கணுக்கால்லயோ அடிபடற வாய்ப்பு அதிகம். இவளுக்கு அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா ஓடவிட்டு, திரும்பவிட்டுப் பார்த்துட்டுத்தான் இறக்கியிருக்கணும்."

இறக்கியிருக்கணும்! அசையாமல் படுக்கவைத்துப் படம் எடுத்ததோடு எல்லோருக்கும் கடமை முடிந்துவிட்டது. அவள் எப்படி நடக்கிறாள் என்று பார்த்தது நான் ஒருத்திதான். எனக்குக் கிடைத்தது பயந்தவள் என்ற பட்டம்.

ஆப்பிள் பையோடு மருத்துவமனைக்கு வந்த பயிற்சியாளர், "பேட் லக் மேடம்," என்றார்.

"லக் இல்ல சார். நான் சொன்னேன், நீங்க கேக்கல."

அவர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். கல்லூரி முதல்வரிடம் போனேன். கவனிக்கிறோம் என்று காபி கொடுத்து அனுப்பினார்.

மகள் இப்போது தாங்கித் தாங்கி நடக்கிறாள். போன மாதம் அணியில் இன்னொருத்தியின் தலையில் யாருடைய முழங்கையோ பலமாகப் பட்டது. என் மகளே அவளுக்குப் போன் செய்து, "யார் சொன்னாலும் இறங்காதே," என்றாள். அந்தப் பெண் இறங்கவில்லை. பயிற்சியாளர் என் மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும்.