பாக்கியத்தின் நீலப் பேசின்

யாத்திரைக் காலம் தொடங்க இன்னும் சில நாட்களே இருந்தன. சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் என் தேநீர்க் கடைக்குத் தகரம் அடித்துக்கொண்டிருந்தபோது பாக்கியத்தின் மகள் கௌரியின் அழைப்பு வந்தது. "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். கடையோரம் அவருடைய பெஞ்சுக்காக நான் எப்போதும் விட்டுவைக்கும் இடத்தை அன்று காலைதான் கூட்டியிருந்தேன்.

பாக்கியம் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில், அடுத்த வீட்டுக்காரர். கணவரை இளம் வயதிலேயே இழந்தவர். கொழுந்து பறிப்பதில் கை வேகம். வாய் அதைவிட வேகம். ஒரு மழைக்காலத்தில் முழங்கால் விட்டுப்போய், சரிவில் நிற்க முடியாமல் வீட்டோடு இருந்துவிட்டார். கௌரி அப்போது பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் வீட்டு வேலைக்கு அவளைக் கேட்டு ஒரு தரகர் வாசலுக்கு நடையாய் நடந்தார். "எம்புள்ள படிக்கட்டுங்க" என்று அவரை அனுப்பிவிட்டார் பாக்கியம். அனுப்பிவிட்டாரே தவிர, அடுப்பெரிய வேறு வழி இருக்கவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சிவனொளிபாதமலையிலிருந்து இறங்குகிறவர்கள் படியில் நொண்டி நொண்டி வருவதை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தான். உப்புப் போட்ட வெந்நீரில் அவர்கள் காலை ஊறவைக்கக் கூலி வாங்கலாம் என்று இவருக்குத்தான் தோன்றியது. பக்கத்திலேயே ஆறு ஓடும்போது காசு கொடுத்து எவர் கால் நனைப்பார் என்று நான் கேலி செய்தேன். கடன் எடுத்துப் பெரிதாகவே கடை போடச் சொன்னார்கள் மாதர் சங்கத்தார். இரண்டு பேச்சையும் அவர் கேட்கவில்லை.

"மொதல்ல ஒரு பேசின் வைப்போம்ண்ணே. ஜனங்க கால வச்சாங்கன்னா, ரெண்டாவது பேசினப் பத்தி யோசிப்போம்" என்றார்.

வீட்டிலிருந்த நீலப் பேசின், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிய மிலாறுக் குச்சி விறகு, என் கடைப் பெஞ்சு, கௌரி சிங்களத்திலும் தமிழிலும் "கால் வலிக்கு வெந்நீர்" என்று எழுதிய அட்டை. போட்ட முதல் இவ்வளவுதான். முதல் நாள் மாலை, மலையேறப் போகிறவர்களை வாய் நிறையக் கூப்பிட்டார். ஒருவரும் நிற்கவில்லை. அட்டையைப் படித்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மூட்டிய அடுப்பு வீணாய் எரிந்தது. நாளைக்குத் தரகர் வந்தால் என்ன சொல்வது என்று முதல் தடவையாக அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை, மலையிறங்கி வந்த சிங்கள அம்மா ஒருவர்தான் அட்டையைத் தேடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காலைத் தண்ணீரில் வைத்தபடி, மலையேறுகிறவர்களிடம் போய் வலியென்று சொல்லலாமா மகளே என்று செல்லமாய்க் கடிந்துகொண்டார். ஏறும்போது வலி, தூரம் என்று வாய் திறக்கக் கூடாது என்பது மலையடிவாரத்தில் பிறந்த எங்களுக்குத் தெரியாததா? பிழைப்பின் அவசரத்தில் அவருக்கும் மறந்தது, எனக்கும் மறந்தது. பாக்கியம் எழுந்து போய், மலையைப் பார்க்கும்படி அட்டையைத் திருப்பிக் கட்டினார். இறங்குகிறவர்கள் கண்ணுக்கு மட்டும் அது தெரிந்தது.

அன்றைக்கே பெஞ்சில் இடம் போதவில்லை. அடுத்த வாரம் இரண்டாவது பேசின் வந்தது. தரகர் வாசலுக்கு வருவது நின்றது. கௌரி இன்று ராகலையில் ஆசிரியை.

ஒவ்வொருவருக்கும் தண்ணீரை மாற்றி ஊற்றி, "சூடு பதமா இருக்குங்களா?" என்று கேட்பார். பதில் வரும்வரை வெந்நீர்க் கெண்டியைக் கீழே வைக்க மாட்டார். கடையில் நானும் நாள் முழுக்க நிற்கிறவன் என்று என்னையும் கூப்பிடுவார். கேலி செய்த வாயல்லவா, ஒவ்வொரு வருடமும் வேலை இருக்கிறது என்று தப்பித்துக்கொள்வேன்.

மயானம் தோட்டத்தின் உச்சியில் இருக்கிறது. அவரை அடக்கம் செய்துவிட்டு இறங்கி வந்தபோது, கால் கழுவ லயத்து வாசலில் வழக்கம்போலத் தண்ணீர் வைத்திருந்தார்கள். வாளியில் அல்ல, அந்த நீலப் பேசினில். ஆவி பறந்தது. கௌரி கெண்டியைக் கீழே வைக்காமல் நின்றாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாக அதில் காலை வைத்தேன்.

போய் வாருங்கள், பாக்கியம். சூடு பதமாக இருந்தது.