ஊகம் நின்ற இடம்

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. திருப்பதியில் எம்.டெக். கடைசி வருடம். வெளிநாட்டு வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. போகலாமா கூடாதா என்று வீட்டில் நைனா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வேண்டாமென்றால் நான் போகப்போவதில்லை. இருப்புக்கொள்ளாமல், குட்டி போட்ட பூனை மாதிரி ஹாஸ்டல் வராந்தாவில் அலைந்துகொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து புராஜெக்டும் இடக்கு பண்ணியது. புரோகிராம் எழுதுகிறவர் எதற்கும் வகை எழுத வேண்டாம்; பயன்படுத்தும் விதத்தைப் பார்த்துக் கணினியே இது எண், இது எழுத்து என்று கண்டுபிடித்துக்கொள்ளும். அதுதான் என் வேலை. ஜோராக ஓடிக்கொண்டிருந்தது, பல வடிவம் எடுக்கும் வகைகள் வரும்வரை. பஸ் என்று ஒரு வகை வைத்திருந்தேன்: வரும், தாமதம், ரத்து. சீட் என்று இன்னொன்று: உறுதி, காத்திருப்பு, ரத்து. புரோகிராமுக்குள் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு சின்னத் துண்டு, 'ரத்து'வை மட்டும் தொட்டால், அது பஸ்ஸா, சீட்டா? இரண்டும் பொருந்தும். என் புரோகிராம் கடைசியாகச் சொன்ன வகையைப் பிடித்துக்கொண்டு, சரியாக எழுதியதையெல்லாம் தப்பு என்று தள்ளியது.

"எந்த வகைன்னு எழுதுறவங்களையே ராயமனி செப்பும்மா, எழுதச் சொல்லு!" என்றார் கைடு. அவருக்குத் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில்தான் வரும். "ஊகத்துக்கும் எல்லை உண்டு."

"எழுதச் சொன்னா அப்புறம் என் புராஜெக்ட் எதுக்கு சார்?" என்று எகிறினேன். சுற்றியுள்ள வரிகளைப் பார்த்து முடிவெடுக்க வைத்தேன். ஒன்று சரியானால் இன்னொன்று உடைந்தது. எரிச்சலோடு எங்கள் ஊர் பிச்சாட்டூருக்கு பஸ் ஏறினேன்.

வீட்டுக் கூடத்தில் புதுப் பெட்டி, சக்கரம் வைத்தது. நைனா திருப்பதிக்கு வந்து வாங்கிப் போயிருக்கிறார், என்னை எட்டிக்கூடப் பார்க்காமல்!

"எதுக்காம்மா இது?"

"ஆருக்குத் தெரியும்? உங்க நைனா வாயில இன்னா, கொழுக்கட்டையா?" என்றாள் அம்மா.

போன வாரம்தான் சந்திரகிரியிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. பெட்டி கல்யாணச் சீருக்கும் பொருந்தும், விமானத்துக்கும் பொருந்தும். நைனா முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் ஊகித்துக்கொண்ட வீடு எங்களுடையது. இதற்கு மட்டும் ஒரு தடயமும் இல்லை. கைடு சொன்னது அப்போதுதான் உறைத்தது. தடயமே இல்லாத இடத்தில் எவ்வளவு சாமர்த்தியமான புரோகிராமும் முழிக்கத்தான் செய்யும். கேட்டே ஆகவேண்டும்.

வேர்க்கடலைக் கொல்லைக்கு ஓடினேன். நைனா மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"நைனா, பெட்டி கல்யாணத்துக்கா, ஃப்ளைட்டுக்கா? வாயத் தொறந்து சொல்லு. எனக்குப் பைத்தியமே புடிச்சிடும் போல கீது."

"ஃப்ளைட்டுக்குத்தான்."

"அப்ப போன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"மனசு வந்தாதான சொல்றதுக்கு?"

"அப்ப போவாதன்னு சொல்லு!"

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சொன்னா நீ இருந்துடுவ. அதான் வாயே தொறக்கல."

கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"இப்ப சொல்லிட்டியே நைனா" என்றேன்.