அரியலூர் கோட்டம் இரண்டு

பத்தொன்பது வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் எனக்குக் காது போயிற்று. பேச்சு போகவில்லை. அதனால் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. நான் கேட்டதற்கு அவர்கள் பதில் சொல்லிவிட்டு, நான் அப்படியே நிற்பதைப் பார்த்த பிறகுதான் விளங்கும். உடனே குரலை உயர்த்துவார்கள். எவ்வளவு கத்தினாலும் எனக்கு வருவது தூரத்தில் லாரி போவது போன்ற ஓர் உறுமல்தான். அவர்களுடைய கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்துக்கொண்டே உதட்டைப் படிக்க முயல்வேன்.

ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அம்மா கீழப்பழுவூரில் தம்பியோடு இருந்தார். நான் துறைமங்கலத்தில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் ஓர் ஆபீசில் வேலை பாதி என்றால் பேச்சு பாதி. திடீரென்று எல்லோரும் சிரிப்பார்கள். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று கையை அசைப்பார்கள். அந்தக் கையசைப்பை நான் எத்தனையோ வருடம் பார்த்தேன்.

பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் லினக்சுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. மாற்ற வந்த இன்ஜினியர் அதோடு, ஒரு கம்ப்யூட்டரில் அடிப்பது உடனே இன்னொன்றில் தெரிகிற மெசஞ்சர் ஒன்றையும் போட்டார். எங்கள் சூப்பிரண்டுக்குப் பெரிய மீசை. அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. இன்ஜினியருக்கு மீசை இல்லாததால் பதில் தெரிந்தது.

"போன்ல சொன்னா யார் சொன்னா, என்ன சொன்னான்னு நிக்காது சார். இதுல எழுத்துல இருக்கும். காசும் கிடையாது. இந்த புரோகிராமை எழுதுனவங்க எல்லாருக்கும் பொதுன்னு விட்டுட்டாங்க. சர்வரும் நம்ம பில்டிங்லயே இருக்கு, நம்ம ஆபீஸ்களைத் தாண்டி வெளிய எங்கயும் போகாது."

சூப்பிரண்டு போனைக் காட்டி ஏதோ சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சில நாள் விளையாட்டாகத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போனுக்கே போய்விட்டார்கள். எங்களுக்குக் கீழ் வரும் தாலுகா, கோட்ட ஆபீஸ்களிலிருந்து மெசஞ்சரில் வரும் விவரங்களைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அதில் ஆள் பெயர் கிடையாது, சீட்டின் பெயர்தான். அரியலூர் அப்போது பெரம்பலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அங்கே கோட்டாட்சியர் ஆபீசில் ஒரு பெண் கிளார்க்கின் சீட்டுக்கு 'அரியலூர் கோட்டம் இரண்டு' என்று பெயர். ஒரு காலையில் அங்கிருந்து, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி வந்தது.

"மேடம், திருமானூர் பக்கத்து பயிர் சேதம் லிஸ்ட்டு அனுப்பிட்டேங்க. வந்துடுச்சான்னு பாத்து சொல்லுங்க."

அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். காது போன பிறகு எனக்குத் தமிழ் என்றால் அச்சுத் தமிழ் மட்டும்தான். கோப்பில் இருப்பது, பேப்பரில் வருவது. 'அனுப்பிட்டேங்க' என்று யாரும் எனக்கு எழுதியதில்லை. சனங்கள் வாயால் பேசுகிற பேச்சு எழுத்தாகக் கண் முன்னால் நின்றது. உள்ளுக்குள் ஒரு பெண் குரல் அதைச் சொல்வதைக் கேட்டேன். அது என் அம்மாவின் பழைய குரலைப் போலத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த பெண் குரல்களே குறைவு.

"வந்துடுச்சுங்க" என்று அடித்தேன். "சாப்டீங்களா?" என்று கேட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்று தெரிந்ததும் மேடம் போய் அக்கா ஆயிற்று. வேலைக்கு நடுவே இரண்டு வரி, மூன்று வரி எழுதுவார். அவருடைய சூப்பிரண்டு சீட்டிலேயே தூங்குவதை எழுதுவார். நான் திரையைப் பார்த்துச் சிரிப்பேன். பக்கத்துச் சீட்டுக்காரர் என்னவென்று கண்ணால் கேட்பார். ஒன்றுமில்லை என்று நான் கையை அசைப்பேன்.

ஒரு நாள் எழுதினார்: "வூட்டுக்காரரு எங்கிட்ட பேசி ரொம்ப நாளாச்சும்மா. சோறு வச்சா திம்பாரு. அவ்வளவுதான். யாருகிட்டயும் சொன்னதில்ல."

இரகசியம் என்று ஒன்றை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. என்னிடம் எதைச் சொல்வதானாலும் கத்திச் சொல்ல வேண்டும். இரகசியத்தை யார் கத்திச் சொல்வார்கள்?

இன்னொரு நாள் என்னிடம் போன் நம்பர் கேட்டார். எனக்குக் காது கேட்காது என்று எழுதினேன். பதில் வந்தது.

"சரி வுடு. இதுலயே பேசுவோம். போன்னா பக்கத்துல மாமியா நிக்கும்."

பிறகு அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். அங்கே போக விருப்பம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அம்மா இருக்கும் ஊருக்குப் பக்கம் என்று காரணம் எழுதினேன். அதுவும் உண்மைதான். அக்காவுக்குச் சொன்னேன். "வா வா, நானும் புது ஆபீசுக்குத்தான் வரேன்" என்று எழுதினார்.

புது ஆபீஸ் ஒரு பழைய கட்டடத்தில் நடந்தது. ஒரே ஹாலில் அக்காவுக்கும் எனக்கும் நடுவே இரண்டே மேசை. முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினார். பேசும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரும் மற்றவர்களைப் போலக் குரலை உயர்த்தினார். ஹாலே திரும்பிப் பார்த்தது. வெட்கப்பட்டுச் சிரித்தார்.

கம்ப்யூட்டர்கள் வந்தன, மெசஞ்சர் வரவில்லை. போடச் சொல்லிக் கேட்டேன். "எல்லார்கிட்டயும் செல்போன் இருக்கேம்மா. ஒரே ரூம்ல உக்காந்துகிட்டு அது எதுக்கு?" என்றார் ஆபீசர். அக்காவிடம் செல்போன் இல்லை. வீட்டிலிருந்த ஒன்றும் அவர் கணவர் கையில் இருந்தது. துண்டுக் காகிதத்தை நீட்டினால், சுற்றிலும் பார்த்துவிட்டு 'நல்லாருக்கேன்' என்று மட்டும் எழுதித் தருவார்.

ஒரு மதியம் பொறுக்க முடியாமல் அக்காவின் மேசைக்குப் போய்க் குனிந்து, "அண்ணன் இப்ப பேசுறாராக்கா?" என்று கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன் என்று நினைத்தேன். என் குரலின் அளவு எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகம் வெளுத்திருந்தது. என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏதோ சொன்னார். முந்தானை வாயின் மேல் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பேச்சு எங்களுக்குள் வரவில்லை. என்மேல் அவருக்குக் கோபமில்லை. மதியம் என் பக்கத்தில்தான் உட்காருவார். டப்பாவைத் திறந்து, முதலில் என் மூடியில் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய் வைப்பார். நல்லாயிருக்கா என்று புருவத்தால் கேட்பார். நல்லாயிருக்கு என்பேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு அவரவர் மேசைக்குத் திரும்புவோம்.