மாமா போட்ட ‘இல்லை’

என் கணவர் பிரிட்டிஷ் இராணுவத்தில் இருந்தவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனுக்குப் படிக்கப் போன இடத்தில், பொதுநலவாய நாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தவர். ஆப்கானிஸ்தானில் குண்டு வெடிக்கிற இடத்தில் நிற்பதற்கு அவரிடம் யாரும் விசா கேட்கவில்லை. உடுப்பைக் கழற்றிக் கொடுத்த பிறகுதான் கேட்டார்கள். ஆறு வருடம் முடித்தவர்களுக்கு நிரந்தர வதிவிட விசாவுக்குக் கட்டணம் இல்லையாம். இவருக்குச் சில மாதங்கள் குறைவு. சாகத் தயாராக நின்றது இலவசம், உயிரோடு திரும்பி வந்ததற்குத்தான் கட்டணம்.

அந்தக் காசைக் கொட்டி லண்டன் மழையை வாங்குவதைவிட கனடாவில் இருந்த என்னை மொன்றியலுக்கு வந்து கட்டுவது மலிவு என்றார். நானும் அதைக் காதல் வசனம் என்று நம்பிவிட்டேன். இங்கே வந்து பார்த்தால் இருபது டொலர் தாளிலும் அதே மகாராணிதான் சிரித்துக்கொண்டிருந்தா.

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ‘கொம்பியூட்டர்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தா. ஆமி என்று சொன்னால், அது எந்த நாட்டு ஆமி என்று கேட்கும்வரை எங்கள் ஆட்கள் நிற்கமாட்டார்கள். ஷெல் விழுந்த வீடுகளிலிருந்து வந்தவர்களிடம் அந்த நிதானத்தை எதிர்பார்க்கவும் முடியாது.

இவரை ஸ்பொன்சர் செய்யும் விண்ணப்பத்தை நிரப்ப, மொன்றியலுக்குப் பக்கத்து ஊரான லொங்குய்யில் இருக்கும் என் மாமாவிடம் போனோம். லோயரிடம் போகலாமே என்று இவர் கேட்டதற்கு, மாமா இருக்கும்போது லோயரா என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டா. மொன்றியல் தமிழரில் பாதிப்பேர் மாமாவின் கையெழுத்தில்தான் இந்த நாட்டுக்குள் வந்தவர்கள். காசு வாங்கமாட்டார். கேள்வியும் கேட்கமாட்டார். எல்லோருடைய வாழ்க்கையும் தனக்கு ஏற்கனவே தெரியும் என்பது அவருடைய நினைப்பு. அவர் நிரப்பிய தாளை அவர் முன்னாலேயே வாசித்துப் பார்ப்பது, அவர் வீட்டுச் சோற்றை மணந்து பார்ப்பது மாதிரி. இவரும் மரியாதைக்கு வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

எந்த இராணுவத்திலாவது இருந்தீர்களா என்ற கட்டத்தில் மாமா ‘இல்லை’ போட்டிருந்தார். இவருடைய கதை அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்தக் கட்டத்தில் அவர் இதுவரை வேறு எதையும் போட்டதே கிடையாது. இயக்கத்தில் இருந்தவனுக்கும் இல்லை, பிடிபட்டுப் போய்ப் பங்கர் வெட்டினவனுக்கும் இல்லை, பயத்தில் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தவளுக்கும் இல்லை. இவருடைய லண்டன் வருடங்களுக்கு ‘கடையில் வேலை’ என்று எழுதியிருந்தார். நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

கைரேகை கொடுத்ததும் லண்டன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இராணுவத்தில் இருந்ததை மறைத்திருக்கிறீர்கள், நேரில் வந்து விளக்கம் சொல்லுங்கள், சரியில்லாவிட்டால் விண்ணப்பம் மறுக்கப்படும், ஐந்து வருடத்துக்கு இந்தப் பக்கம் வர முடியாது என்று குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் ஓடினோம்.

மாமா பதறவே இல்லை. இங்கிலீஷ் விளங்காமல் கையெழுத்து வைத்துவிட்டதாகச் சொல்லச் சொன்னார். பிரிட்டிஷ் இராணுவத்தில் இருந்தவருக்கு இங்கிலீஷ் விளங்காதாம். அன்றைக்குத்தான் இவர் முதல்தடவையாக மாமாவை எதிர்த்துக் கதைத்தார்.

“இனி நான் பொய் சொல்லமாட்டன், மாமா. நீங்கள்தான் நிரப்பினது எண்டு வந்து சொல்லுங்கோ.”

மாமா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். நாங்கள் எழும்பி வந்துவிட்டோம்.

நேர்காணலுக்குப் போனால், எங்களுக்கு முதலே மாமா கோட்டும் டையுமாக அங்கே உட்கார்ந்திருந்தார். அம்மா போய் அழுதிருக்கிறா என்று பிறகு தெரிந்தது. அதிகாரி ஓர் இளம்பெண். மாமா தன்னுடைய க்யூபெக் பிரெஞ்சில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நிரப்பியது தான்தான், பெடியன் அதை வாசிக்கக்கூட இல்லை, ஊரில் அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொன்னவர்களைத் தாங்கள் பிறகு கண்டதில்லை, அந்தப் பயம் கையை விட்டுப் போகவில்லை என்றார். சொல்லும்போது அவருக்குக் குரல் நடுங்கியது. எனக்கு அந்த மனிதர்மேல் அப்போதுதான் பாசம் வந்தது.

அவள் எல்லாவற்றையும் எழுதினாள். பேனையை வைத்துவிட்டு, வேறு எத்தனை பேருக்கு இப்படி ‘இல்லை’ போட்டிருக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

மாமாவின் நடுக்கம் நின்றுவிட்டது. “இவர் ஒருத்தருக்கு மட்டும்தான்” என்றார், கண்கூட இமைக்காமல்.

அவள் இவர் பக்கம் திரும்பி, வேறு யாருக்கும் இப்படிப் போடவில்லை என்கிறாரே, அது உண்மையா என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்து வாழ்த்திய பாதிப்பேருடைய வீடும் பிள்ளைகளும் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தன. இவர் நெஞ்சை நிமிர்த்தி, மேலதிகாரிக்குச் சொல்வது மாதிரி, “யெஸ், மேடம்” என்றார்.

கனடா தன் வழக்கப்படி ஆறுதலாக, பல மாதம் கழித்து பி.ஆர். என்கிற நிரந்தர வதிவிட உரிமையைக் கொடுத்தது. இவர் எங்கே பிறந்தார், எங்கே சண்டை போட்டார், என்னை உண்மையாகத்தான் கட்டினாரா என்று எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்டவர்கள், இவர் தெரிந்தே சொன்ன அந்த ஒரு பொய்யை மட்டும் அப்படியே நம்பினார்கள்.