நகராத குமிழி

ஒரகடத்தில் பற்பசை ஆய்வகம் ஒன்றுக்குக் கருவி பழுதுபார்க்கப் போயிருந்தேன். பல்லிலிருந்து சீவியெடுத்த மெல்லிய வில்லை வழியே தண்ணீர் கசிந்தால், அந்தக் கருவியின் கண்ணாடிக் குழாயில் குமிழி நகரும். நகர்ந்தால் அந்தப் பல் கூசும் என்று அர்த்தம். சோதனை செய்யும் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். எப்போதும் இடது கன்னத்தைப் பிடித்தபடியே குமிழியைப் பார்ப்பார்.

வில்லையில் புதுப் பசையைத் தேய்த்தார். நகர்ந்துகொண்டிருந்த குமிழி நின்றது. நான் கைதட்டினேன்.

"இரு சார்" என்று எலுமிச்சைச் சாற்றை அதன்மேல் ஊற்றினார். "நம்ம ஜனங்க ஊறுகா துன்னாம கீறாங்களா?"

குமிழி அப்போதும் அசையவில்லை. கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னை எத்தினி நாள் அழ வுட்டுச்சு! இப்ப எம்மாம் அமைதியா கீது பாரு!"

"எதும்மா?"

"இந்தப் பல்லுதான் சார். என்னுது. போன மாசம் புடுங்குனேன்."

பிடுங்கிய பல்லுக்கு எதற்கு இவ்வளவு நேரம் கன்னத்தைப் பிடித்திருந்தார் என்று கேட்க நினைத்தேன். சிரிப்பில் மறந்துபோனது.